‘ஐ7’ என்றால் எந்த ஐ7?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முதன்முதலாக விளையாட்டுக்கென்று ஒரு கணினி வாங்க, தீபாவளி போனஸும் சேமிப்புமாக 70,000 ரூபாய் வைத்திருக்கிறேன். நண்பர்களோடு வாலரண்ட் ஆடுவேன். ஜிடிஏ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆகியவற்றையும் ஆடிப் பார்க்க ஆசை. அக்கா டிடிபி வேலைக்கு வைத்திருந்த 19 அங்குல மானிட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் நீல நிற விஜிஏ கேபிளை மட்டும்தான் செருக முடியும். ஒரு கடையில் ‘ஐ7 கேமிங் பிசி, 38,000 ரூபாய்’ என்று விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: ஐ7 பிராசசர், எச்61 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), ஆர்ஜிபி கேபினட். கிட்டத்தட்டப் பாதிப் பணம் மிச்சமாகிறதே, இதையே வாங்கிவிடலாமா? தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்வதானால் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பட்டியலில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது என்பதுதான் அதிலுள்ள சிக்கல். ஐ7 இருக்கும், 16 ஜிபி இருக்கும், 4 ஜிபி கார்டும் இருக்கும். ஆனால் ஏழு பொருள்களில் ஒன்றுக்குக்கூட முழு மாடல் எண் எழுதப்படவில்லை. ஐ7 என்பது இன்டெல் நிறுவனம் 2008-இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த ஒரு வரிசையின் பெயர். ‘ஸ்ப்ளெண்டர் வண்டி ஒன்று இருக்கிறது’ என்பவரிடம் எந்த வருடத்து வண்டி என்று கேட்காமல் நாம் முன்பணம் கொடுப்பதில்லை. கணினிக் கடையில் மட்டும் அந்தக் கேள்வி ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

பிராசசரின் எண்ணை எழுதாமல் விட்டவர், மதர்போர்டின் சிப்செட்டை, அதாவது அதிலுள்ள மையச் சிப்பின் பெயரை, எழுதிவிட்டார். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. எச்61 என்பது 2011-இல் வந்த சிப்செட். இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசசர்கள் மட்டுமே அதில் உட்காரும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போவது ஐ7-2600 அல்லது ஐ7-3770, அல்லது அவற்றின் உறவு ஒன்று. 3770 வெளிவந்தது 2012-இல். நான்கு கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), எட்டு திரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைகள்). பத்து ஆண்டு கழித்து, 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர்கள், எட்டு திரெட்கள்தாம். ஆனால் ஒரு கோரின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெயரில் ஐ7 என்பதற்காகப் பழையதைத் தூக்கிவைப்பதும், ஐ3 என்பதற்காகப் புதியதை ஒதுக்குவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். போதாக்குறைக்கு, எச்61 சிப்செட் தரும் சாட்டா இணைப்பு (எஸ்எஸ்டியைச் செருகும் வழி) 3 ஜிகாபிட் வேகத்தோடு நின்றுவிடுவதால் எஸ்எஸ்டி தன் வேகத்தில் பாதியைத்தான் காட்டும். அந்த 16 ஜிபி ராம் பழைய டிடிஆர்3 வகை என்பதால், நாளை போர்டை மாற்றினால் ராமையும் சேர்த்தே கழிக்க வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. வாலரண்டோடு சேர்ந்து இயங்கும் வான்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயக்கத்தில் இருந்தால்தான் ஆட விடும். மூன்றாம் தலைமுறைப் பிராசசர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதே இல்லை. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதன் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10-ஐப் போட்டு ஆடலாமே என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடைக்காரர் வாலரண்டை ஓட்டியே காட்டினாலும், எந்த விண்டோஸில் ஓட்டிக் காட்டுகிறார் என்று பாருங்கள்.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்ற வரியும் இதே சாதிதான். இந்த விலைக்குள் அடங்கும் 4 ஜிபி கார்டு பெரும்பாலும் ஜிடி 730 ஆகத்தான் இருக்கும். அதில் நினைவகம் 4 ஜிபி இருப்பது உண்மை. ஆனால் டிடிஆர்3 நினைவகமும் 64 பிட் பாதையும் கொண்ட அந்தக் கார்டில், விநாடிக்கு 14.4 ஜிபி தரவுதான் சிப்புக்குப் போய்ச் சேரும். நான் உங்களுக்குச் சொல்லப்போகும் ஆர்எக்ஸ் 6600 கார்டில் அது 224 ஜிபி. மாடியில் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாயில் நூலாக ஒழுகினால் குளிக்க முடியாது. ஜிபியை மட்டும் பார்த்துக் கார்டு வாங்குவது தொட்டியை மட்டும் பார்த்து வீடு வாங்குவதைப் போன்றது.

இனி உங்கள் 70,000 ரூபாய்க்கு வருவோம். முதல் கணினி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: பிறகு சேர்த்துக்கொள்ளக் கூடியதை இப்போது தள்ளிப்போடலாம், பிறகு பிடுங்கி எறிய வேண்டி வருவதில் இப்போது மிச்சம் பிடிக்கக் கூடாது. இரண்டாவது எஸ்எஸ்டி, கூடுதல் ராம், பெரிய மானிட்டர் ஆகியவை அடுத்த போனஸுக்குக் காத்திருக்கும். மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியல்ல. அவற்றில் தவறினால் போட்ட காசு திரும்பாது, சில வேளைகளில் கூடவே வேறு பொருளும் போய்விடும்.

இந்தக் கணக்கின்படி கிராபிக்ஸ் கார்டுக்கு 23,000, பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 20,000, ராமுக்கும் எஸ்எஸ்டிக்குமாக 15,000, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,500, கேபினட்டுக்கு 3,500 என்று ஒதுக்குவேன். மீதி 4,000 ரூபாயில் கீபோர்டு, மவுஸ், சில்லறைச் சாமான்கள். இவற்றைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ள வேண்டிய வரம்புகள் இவை. குறிப்பாக ராம் விலை 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். எனவே ஒரு வாரத்துக்கு முந்தைய விலைப்பட்டியலை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

கார்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் ஆட்டங்களின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அதுதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு அதன் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பது ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டை. ஆர்எக்ஸ் 6600 அதைத் தெளிவாகவே தாண்டி நிற்கும். 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்சாரம், ஒரே ஒரு எட்டுமுனை மின் இணைப்பு. 2021-இல் வந்த கார்டு என்பதால் சில கடைகளில் இருப்பு தீர்ந்திருக்கலாம். அப்போது ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 ஆகியவற்றில் எது உங்கள் வரம்புக்கு அருகில் கிடைக்கிறதோ அதைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒன்றைக் காட்டினால் சற்று நிதானியுங்கள். அந்தப் பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு நினைவகத்தோடு முடிவதில்லை, உள்ளே இருக்கும் கோர்களின் எண்ணிக்கையும் பாதையின் அகலமும்கூட 6 ஜிபி கார்டில் குறைவு. முழுப் பெயரைக் கேட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் வாடிக்கையாளரும் இந்த இடத்தில் சறுக்குவார்.

பிராசசரில் உங்களுக்கு ஐ5-12400 போதும். ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள். பெட்டியில் வாங்கினால் விசிறியும் கூடவே வரும். இதே பிராசசர் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்தோடு சற்று மலிவாகவும் கிடைக்கிறது. அந்த எழுத்துக்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனிக் கார்டு வாங்குகிறவருக்கு அது எதற்கு, எஃப் வாங்கி மிச்சம் பிடியுங்கள் என்றே பலரும் சொல்வார்கள். ஆட்டத்தின் வேகத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகிவிடுகிறது. அதுவரை எஃப் பிராசசர் உள்ள கணினியில் திரையே வராது. பெருநகரத்துக்கு வெளியே இருப்பவருக்கு நான் எஃப் இல்லாத 12400-ஐத்தான் சொல்வேன். ஏஎம்டி-யின் ரைசன் 5 5600-ம் ஆட்டத்தில் இதற்கு இணையானதே, அதை வாங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-யில் உண்டு, ஆனால் அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகப் பாதியாகிவிடுவதால் தனிக் கார்டோடு ஆடும்போது வேகம் சற்றுக் குறையும்.

மதர்போர்டு டிடிஆர்4 ராமை ஏற்கும் எச்610 அல்லது பி760 ஆக இருக்கட்டும். இரண்டில் எதுவானாலும் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியைச் செருக இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்5 பக்கம் போனால் எதிர்காலத்துக்கு நல்லது என்பார்கள். ராம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் அந்த நல்லதுக்கு நீங்கள் கார்டை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

ராமை ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல், 8 ஜிபி இரண்டாக, 3200 வேகத்தில் வாங்குங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் பிராசசருக்கும் ராமுக்கும் இடையே பாதை இரண்டாகும். வாலரண்ட் போலப் பிராசசரை நம்பியிருக்கும் ஆட்டங்களில் அதன் பலன் தெரியும். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ போதும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டுமே 150 ஜிபி கேட்கும், ஜிடிஏ 5-ம் நூறைத் தொடும். அவற்றையும் விண்டோஸையும் வைத்தபின் இடம் இறுகும் என்பது உண்மைதான். இறுகும்போது இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். விநாடிக்கு 7,000 எம்பி என்று விளம்பரப்படுத்தும் விலையுயர்ந்த எஸ்எஸ்டிக்கும் 3,500 எம்பி எஸ்எஸ்டிக்கும் ஆட்டத்தில் நீங்கள் உணரும் வேறுபாடு மிகச் சொற்பம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கைவைப்பது அதில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், கல்லூரி மாணவர் ஒருவர் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு என் பணிமனைக்கு வந்தார். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது என்பது புகார். விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டிருந்தார், ராமை மாற்றியிருந்தார், கார்டுதான் பழுது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை விற்கவும் தயாராக இருந்தார். அதுவும் ஆர்எக்ஸ் 6600 கார்டுதான். நான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தேன்; காலி டப்பாவைப் போல லேசாக இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். பக்கத்தில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் 14 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும். 12400 உச்சத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தால் 249. 450 என்று எழுதிய பெட்டியிலிருந்து 249 கிடைக்காமல் போவது இப்படித்தான். அணைந்துபோனது அந்த மாணவரின் நல்ல காலம். அணையாமல் இழுத்துப்பிடித்து, ஒருநாள் வெடித்து, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போன எஸ்எம்பிஎஸ்களையும் நான் கழற்றியிருக்கிறேன்; திறந்ததும் வரும் அந்தக் கருகல் வாடை எளிதில் மறக்காது.

ஆகவே 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனச் சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள். வாங்குமுன் அந்தச் சிறிய அட்டவணையை நீங்களே படியுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் 40 ஆம்பியரோ அதற்கு மேலோ இருந்தால் 480 வாட் நிச்சயம். ஐந்தாண்டு வாரண்டி தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களையே தேர்ந்தெடுங்கள். கேபினட்டோடு இலவசமாக எஸ்எம்பிஎஸ் வருகிறது என்றால் நன்றி சொல்லிவிட்டு அதை அங்கேயே விட்டுவிடலாம்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று பிடிக்கிறது என்று சொல்லி என்னிடம் வருகிறவர்கள் பலர். பெரும்பாலும் குறை கணினியில் இருக்காது, வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் ஒழுங்காக வந்திருக்காது. கணினி வருவதற்கு முன்பே ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சரிபார்த்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு நல்ல எஸ்எம்பிஎஸ்கள் பலவும் ஒத்துப்போவதில்லை.

கேபினட்டில் பார்க்க வேண்டியது முன்பக்கம் ஒன்றுதான். முன்னால் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்கு விசிறிகளும் இருந்தால் கடையில் அழகாக இருக்கும். கத்திரி வெயிலில் உங்கள் ஊரில் அது மூடிவைத்த இட்லிப் பானை. சல்லடை போன்ற முன்பக்கம், கழற்றித் தட்டக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. வேறு எதுவும் வேண்டாம்.

மானிட்டர் விஷயத்தில் உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். வாலரண்டுக்கு 144 ஹெர்ட்ஸோ (விநாடிக்கு 144 முறை படம் மாறுவது) அதற்கு மேலோ உள்ள 24 அங்குலத் திரை அழகான துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இப்போதைக்கு அக்காவின் மானிட்டரிலேயே ஆடுங்கள். மானிட்டரை என்றைக்கு வேண்டுமானாலும் கேபினட்டைத் திறக்காமலே மாற்றிக்கொள்ளலாம். புதிய கார்டுகளில் விஜிஏ துளை கிடையாது. எனவே எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று சில நூறு ரூபாயில் வாங்க வேண்டும். அதை மதர்போர்டின் பின்புறம் செருகாமல் கார்டில் செருகுங்கள். நீங்கள் வாங்கும் 12400-இல் இரண்டு இடத்திலும் படம் வரக்கூடும் என்பதால் தவறு உடனே தெரியாமல் போகலாம், ஆட்டம் மட்டும் தவழலாம். பிற்பாடு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கும்போது, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் அந்த எண்ணை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். 60-இலேயே ஓட்டிக்கொண்டு ‘ஒரு வித்தியாசமும் இல்லையே’ என்று குறைப்பட்டவர்களை நான் அறிவேன்.

பழைய கார்டு வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கடைக்குப் போனால் யாராவது கேட்கவைப்பார்கள். முதல் கணினிக்கு வேண்டாம். ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக வரும் கார்டுகளில் பல ‘2048எஸ்பி’ என்ற வால் உள்ளவை. அசல் 580-இல் 2,304 செயலிகள் உண்டு, இவற்றில் 2,048 மட்டுமே. பழகிய கண்ணுக்கே சில வேளை தப்பிவிடும்.

இனி அந்தக் கடைக்காரரிடமே திரும்பிப் போய், ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல் எண்ணோடு புதிய விலைப்பட்டியல் கேளுங்கள். தயங்காமல் எழுதிக் கொடுத்தால் அவரிடமே வாங்குவதில் தவறில்லை. அருகில் கடை இருப்பது பழுது நாளில் பெரிய வசதி. எழுதித் தர மறுத்தால் கோவைக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ ஒருநாள் போய் வரும் பேருந்துக் கட்டணம் வீணாகாது. எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கூடிய பில் போடச் சொல்லி, அதில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கினால் குறையும் தொகை, வாரண்டிக்கு அலையும் முதல் நாளிலேயே கரைந்துவிடும்.

பூட்டி முடித்ததும் அங்கேயே மூன்றைப் பார்த்துவிடுங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ராம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் பெயரும் ராமின் வேகமும் தெரியும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் கார்டின் உண்மையான சிப் தெரிந்துவிடும்; பெயர் மாற்றி எழுதப்பட்ட போலிக் கார்டுகள் பலவற்றை அது போலி என்றே காட்டும். பிறகு ஏதாவது ஓர் ஆட்டத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காலிப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், வாரண்டி முடியும்வரை பரணில் வைத்திருங்கள். சீரியல் எண் ஒட்டிய பெட்டி கையில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் பாதிப் பேச்சு மிச்சம்.